பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஜன்னல்?

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று தருமபுரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும், ஊர்க்கோடியில் அரசுத் திட்டத்தில் ஒரே அளவில் கட்டிய தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கும். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவருக்கு முன்னால் வீணாகிப் போவது ஜன்னல்தான். இரும்பு நிலையின் அடிச்சட்டத்தைக் குனிந்து பார்த்தால் விஷயம் புரியும். மழைத்தண்ணீர் அங்கேயே தேங்கித் தேங்கி, தகடு அப்பளம் போல உப்பியிருக்கும். கீல் இறுகிப்போய்க் கதவு பாதியில் நிற்கும். கொக்கி இருந்த இடத்தில் கட்டுக்கம்பி. சில வீடுகளில் கதவே இருக்காது. சிமென்ட் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

இந்த ஜன்னலை மாற்றுவது மாடி வீட்டு ஜன்னலை மாற்றுவதைவிடக் கவனம் தேவைப்படும் வேலை. கையில் காசு குறைவு, வீட்டில் இடம் குறைவு. அளவு தப்பினால் மறுபடி செய்யவும் வழியில்லை.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் வீடுகள் உண்டு. 1976 ஜூன் 15 முதல் அவற்றுக்கென்றே மத்திய அரசின் தனி விதிமுறை அமலில் இருக்கிறது. அந்த வீடுகளின் சுவர் பொதுவாக மெல்லியது. கடையில் கிடைக்கும் வழக்கமான ஜன்னல் பலவற்றுக்குப் பொருந்தாது. அதனால் அங்கே ஜன்னல் மாற்றுகிறவர்கள் முதலில் பார்ப்பது அளவை, அப்புறம்தான் அழகை. நம் தொகுப்பு வீட்டுக்காரர்களுக்கும் அதே நிலைமைதான். 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீடு 300 சதுர அடி. 2016-ல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. 2024-ன் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. இந்த அளவுக்குள்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம்.

சின்ன வீட்டுக்குச் சின்ன ஜன்னல் போதும் என்பது தலைகீழ்க் கணக்கு. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை, ராத்திரியில்தான் அந்த வெக்கையைக் கீழே இறக்குகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. வறண்ட வெப்பப் பகுதியில், கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும். புழுக்கமான பகுதி என்றால் ஆறில் ஒரு பங்கு. பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தது 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஸ்லைடிங் ஜன்னலை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நான்கடி அகலம், மூன்றடி உயரம் கொண்ட ஜன்னல் 12 சதுர அடி. அதில் இரண்டு கதவு ஸ்லைடிங் போட்டால் எந்நேரமும் ஒரு பாதி மூடியேதான் இருக்கும். காற்றுக்குக் கிடைப்பது 6 சதுர அடி. கொசுவலை போட்டால் அதிலும் குறையும். வெளிப்பக்கம் திறக்கும் பழைய மாதிரி இரட்டைக் கதவு என்றால் ஏறக்குறைய முழு அகலமும் திறக்கும். சந்து குறுகலாக இருந்து, திறந்த கதவு போகிறவர் தலையில் இடிக்கும் என்றால் மட்டும் ஸ்லைடிங் சரி. மற்ற இடங்களில் சின்ன வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று ஓடாது. எதிர்ச்சுவரில் இன்னொரு வழி வேண்டும். சமையல் பக்கத்தில் உயரத்தில் இருக்கும் வெண்டிலேட்டர் சூட்டையும் புகையையும் வெளியே தள்ளுவதற்காக வைத்தது. மார்கழிக் குளிருக்குப் பயந்து அதை அட்டையால் அடைத்தவர்கள் பங்குனியிலாவது பிரித்துவிட வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. சாயங்கால வெயிலும் அங்கிருந்துதான். எனவே மேற்கு ஜன்னலை அடைத்துவிடாமல், வெளியே ஒரு தட்டியோ மரமோ நிழல் கொடுக்கும்படி செய்வது நல்லது. உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுத்த கதைதான். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் குளிர்நாட்டுக்கும் ஏ.சி. அறைக்கும் உரியது. திறந்தே கிடக்கும் ஜன்னலில் அதற்குச் செலவிடுவது வீண்.

காற்றோட்டத்தின் அருமை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தருமபுரி பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஊர். அரசு பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. புழு வளர்ப்பு மனையில் வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள், ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஜன்னல் வைக்கிறார்கள். புழுவைத் தாக்கும் ஊஜி ஈ நுழையாதபடி ஒவ்வொரு திறப்புக்கும் நைலான் வலை அடிக்கிறார்கள். புழு மனைக்குக் காட்டும் அதே அக்கறையைப் பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் காட்டினால், வெக்கையும் கொசுத் தொல்லையும் பெருமளவு குறையும்.

சரி, ஜன்னலை எதில் செய்வது? இரும்பு ஜன்னலை முழுசாகக் கழற்றும் முன் ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். அடிச்சட்டம் மட்டும் பொடியாக உதிர்ந்தால், வெல்டிங் பட்டறைக்காரர் அந்தத் துண்டை வெட்டிப் புதிது வைத்துவிடுவார். நிலை நன்றாக இருந்தால் கதவை மட்டும் மாற்றலாம். புதிதாகப் போடுவதானால் துத்தநாகம் பூசிய இரும்பு கேட்பது நல்லது. வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும் என்பதால் அங்கே மறக்காமல் பிரைமர் அடிக்கச் சொல்ல வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது. யு.பி.வி.சி.யைக் கரையான் தொடாது. ஆனால் உள்ளே இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்களா, உருளையும் பூட்டும் உடைந்தால் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுக்கலாம். மரம் என்றால் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் மழைக்கு உப்பி, வெயிலுக்குப் பிளக்கும்.

எதைப் போட்டாலும் தண்ணீர் தேங்கினால் பழைய கதைதான். ஜன்னலின் அடிப்பக்கப் பூச்சு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு காடி எடுத்தால், தண்ணீர் சுவருக்கு ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

அளவெடுப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளந்து, சிறிய அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் நாடா பிடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் திறப்பு கோணலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அளவைச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிடக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வீடுகளிலும் பூச்சு வேலையில் அரை அங்குலம் மாறியிருக்கும்.

பழைய நிலையைப் பெயர்க்கும்போது லிண்டலைத் தட்டக் கூடாது. மண் சுவரோ பழைய கல் சுவரோ என்றால், மேலே முட்டுக் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும். வீட்டு பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் வந்தது; அதற்கு முன் அடித்த பெயின்டின் தூள் குழந்தைகளுக்கு ஆகாது.

இன்னொன்று. அமெரிக்காவின் அந்தத் தொழிற்சாலை வீடுகளில், ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் ஆபத்து நேரத்தில் வெளியேற ஒரு கதவோ, ஆள் நுழையும் ஜன்னலோ இருந்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் எல்லா ஜன்னலுக்கும் கம்பியை அசையாமல் வெல்டிங் வைத்துவிடுகிறோம். ஒரே வாசல் உள்ள வீட்டில் கேஸ் அடுப்பு அந்த வாசல் பக்கம் பற்றிக்கொண்டால் பின்புறம் வழியில்லை. ஒரு ஜன்னலின் கிரில்லையாவது கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளோடு செய்யச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாக ஆகும் செலவு சொற்பம்.

அரசுத் திட்டங்களில் 2000-01-க்கு முன் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க, 2024-ல் தமிழக அரசு ஒரு தனித் திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு அந்தக் காலத்தது என்றால், கைக்காசைப் போடும் முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது மூன்று இடத்தில் எடுத்த ஜன்னல் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பழுது மதிப்பீட்டில் கூரையோடு ஜன்னலையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.