படியும் படிப்பும்

பிள்ளையிடம் 'படி' என்றால் அது புத்தகத்தைத் தேடும். பாட்டியிடம் 'படி' என்றால் அரிசி அளக்கும் பாத்திரத்தைத் தேடுவாள். இவ்விரு படிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க, சென்ற கோடை விடுமுறையில் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

எங்கள் தெருவில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஆயிரம் கிராம் ஒரு கிலோகிராம் என்று தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். ஐம்பது கிராம் சர்க்கரையைக் கையால் அள்ளிக் காட்டச் சொன்னால் ஒருவன் சிட்டிகை எடுத்தான். மற்றொருவன் இரு கை நிறைய அள்ளினான். வேலையின் வழியே பாடம் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி அதுவே. ஆகவே பிஸ்கட் செய்யத் துணிந்தோம்.

ஏன் பிஸ்கட்? குழம்பு கண்ணளவைப் பொறுத்துக்கொள்ளும். கொதிக்கும்போதே உப்பைக் கூட்டலாம், நீரை ஊற்றலாம். பிஸ்கட் சூட்டில் ஏறிய பின் திருத்த இடமில்லை. எல்லாம் முன்கூட்டியே அளந்தாக வேண்டும்.

முதலில் ஒரே டம்ளரில் மைதாவையும் சர்க்கரையையும் தலைதட்டி அளந்து தராசில் வைத்தோம். சர்க்கரை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை நின்றது! மாவு நிறைந்த டம்ளரைத் தட்டத் தட்ட மாவு இறங்கி, மேலும் இடம் கொடுத்தது. கொள்ளளவு வேறு, எடை வேறு என்பதை அன்று நான் வாய் திறந்து சொல்லவே இல்லை.

அடிப்படை விகிதம் எடையில் மைதா 3, நெய் 2, பொடித்த சர்க்கரை 1. அதாவது 90 கிராம், 60 கிராம், 30 கிராம், மொத்தம் 180. பன்னிரண்டாகப் பிரித்தால் ஒன்று 15 கிராம். (பழந்தமிழ்க் கணக்கில் 'மா' என்பதே ஒரு பின்னம், இருபதில் ஒன்று. இதைச் சொன்னதும் மாவு பிசைந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு.) பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி, அடியில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன் மேல் தாங்கி வைத்துத் தட்டை இறக்கினோம். அடுப்பு வேலை மட்டும் என்னுடையது.

மறுநாளிலிருந்து புதியன படைக்கும் உரிமை பிள்ளைகளுக்கு. நிபந்தனை இரண்டே: ஒரு முறைக்கு ஒரு பொருளைத்தான் மாற்றலாம், மாற்றியதை உடனே நோட்டில் எழுத வேண்டும். சர்க்கரையைக் கூட்டியவனின் பிஸ்கட் தட்டில் பரந்து அப்பளம்போல் மொறுமொறுத்தது. மைதாவே இல்லாமல் கேழ்வரகு மாவில் செய்தது எடுக்கும்போதே உதிர்ந்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதம் கேழ்வரகில் இல்லை. முப்பது கிராம் மட்டும் கேழ்வரகு, மீதி மைதா என்றதும் பிஸ்கட் நிலைத்தது.

"எனக்குக் கணக்கு வராதுக்கா" என்று திண்ணையிலேயே ஒதுங்கியிருந்த ஒரு சிறுமி மூன்றாம் நாள் சுக்கும் எள்ளும் கலந்தாள். அத்தனை நாளும் செய்தவற்றில் அதுவே சிறந்தது. மறுநாள் அனைவரும் அதையே கேட்டார்கள். அவளோ கையால் அள்ளிப் போட்டிருந்தாள்; நோட்டில் ஒன்றுமில்லை. நான்கு முறை முயன்றும் அந்தச் சுவை வரவில்லை. பாட்டியின் முறுக்குப் பக்குவம் பாட்டியோடு போய்விட்டதாக வீடுதோறும் வருந்துகிறோமே, அதே இழப்பு பத்து வயதில்! கற்பனைக்கு அளவு தளை என்பார் உண்டு. கற்பனையைப் பிடித்து வைக்கும் கயிறு அளவுதான் என்றே எனக்குப் படுகிறது.

ஐந்தாம் முறை அவளே தராசைக் கேட்டு வாங்கினாள். சுக்குப் பொடி 2 கிராம், எள் 10 கிராம் என்று பிடிபட்டது. இரண்டு நாள் கழித்து, தம்பியின் பிறந்தநாளுக்கு இருபத்து நான்கு வேண்டும் என்றாள். நான் வாய் திறக்கும் முன்னே நோட்டில் எழுதிவிட்டாள்: மைதா 180, நெய் 120, சர்க்கரை 60, சுக்கு 4, எள் 20.