16 படிகளில் ஒரு கோபுரம்

ஜொகூர் பாருவில் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடும். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன்னால் குடிநுழைவுச் சோதனையைக் கடக்கலாம். வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். இப்படி ஓடுகிறவருக்கு ஜிம்முக்குப் போக நேரம் ஏது? ஆனால் அவர் தாமானில் இரண்டு மாடி வரிசை வீட்டில் குடியிருந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. அவர் தினமும் தூக்கக் கலக்கத்தில் ஏறி இறங்கும் மாடிப்படிதான் அது.

உயரமான கட்டடங்களின் படிகளில் ஓடி ஏறுவது இன்று உலகெங்கும் நடக்கும் போட்டி. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1978 முதல் நடக்கும் ஓட்டம் 86ஆவது மாடி வரை போகிறது. மொத்தம் 1,576 படிகள். ஆஸ்திரேலியரான பால் கிரேக் 2003இல் அதை 9 நிமிடம் 33 விநாடியில் ஏறினார். பெண்கள் பிரிவில் அதே போட்டியைப் பத்து முறை வென்ற சூசி வால்ஷாம் சிங்கப்பூரில் வசித்தபடி பயிற்சி செய்தவர். மலேசியரான சோ வாய் சிங்கும் அங்கே முதலிடம் பிடித்திருக்கிறார்.

ஜொகூர்க்காரர்களுக்கு அருகிலேயே இத்தகைய ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. கோலாலம்பூர் கோபுரத்தில் நடத்தப்பட்ட ஓட்டத்தில் 2,058 படிகள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் சுவிசோட்டல் ஹோட்டலில் நடந்த ஓட்டத்தில் 73 மாடி, 1,336 படிகள். எண்ணிக்கையைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். வீட்டுப் படியை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த மலைப்பு குறைந்துவிடும்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் இடம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டில் 16 படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒருமுறை ஏறுவது ஒரு நடை. பத்துமலைக் குகைக் கோயிலின் 272 படிகள் இந்தப் பதினாறில் சரியாக 17 நடை. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளுக்கு 32 நடை போனால் ஒரே ஒரு படிதான் மிச்சம். சுவிசோட்டலுக்கு 84 நடை, கோலாலம்பூர் கோபுரத்துக்கு 129 நடை. உங்கள் வீட்டுப் படி பதினான்கோ பதினெட்டோ, ஒருமுறை எண்ணிப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்குப் படியேற்றம் புதிதல்ல. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் வாரக்கணக்கில் விரதமிருந்து உடலையும் மனத்தையும் பக்குவப்படுத்திக்கொண்டு, தோளில் பாரத்தோடு பத்துமலை ஏறுகிறார்கள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டில் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ஏறி வளர்ந்தவர்களும் நம்மிடையே ஏராளம். கால்களுக்கு அந்த வேலை தெரியும். அதை ஒழுங்குபடுத்தி, படிப்படியாகக் கூட்டினால் போதும்.

வீட்டுப் பயிற்சிக்கும் கோபுரப் போட்டிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோபுரத்தில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டிலோ 16 படி ஏறியதும் இறங்கியாக வேண்டும். ஏறும்போது தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் சுருங்கி உடலை மேலே தூக்குகின்றன, மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது அதே தொடைத் தசை நீண்டபடியே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. மூச்சு அவ்வளவாக வாங்காது. ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது பெரும்பாலும் இந்த இறக்கத்தால்தான். எனவே முதல் இரண்டு வாரம் நடைகளைக் குறைவாக வைத்து, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்க வேண்டும். இறக்கத்தில் கிடைக்கும் ஓய்வு போட்டியில் கிடைக்காது என்பதால், வாரத்தில் ஒருநாள் கீழ்ப்படியில் மட்டும் நின்று இடது, வலது என்று கால் மாற்றி மூன்று நிமிடம் விடாமல் ஏறி இறங்குவது நல்லது. நெஞ்சு இடைவிடாத உழைப்புக்குப் பழகும்.

நேரமில்லாதவர்களுக்கு அறிவியலும் துணை நிற்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பெண்கள் 20 விநாடி வேகமாகப் படியேறினார்கள். இரண்டு நிமிடம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு மீண்டும் ஏறினார்கள். இப்படி மூன்று முறை. உடலைச் சூடேற்றுவது, தணிப்பது எல்லாம் சேர்த்தே பத்து நிமிடம்தான். வாரம் மூன்று நாள் செய்ததில் அவர்களின் இதய, நுரையீரல் திறன் கூடியது. வீட்டின் ஒரே மாடிப்படியில் 60 விநாடி வேகமாக ஏறி இறங்கும் முறையையும் அதே குழு சோதித்துப் பார்த்தது. அதிலும் பலன் தெரிந்தது.

இவற்றை வைத்து எட்டு வாரத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்குப் பத்து நடை, பேசிக்கொண்டே ஏறும் அளவு வேகத்தில். மூன்றாம் நான்காம் வாரத்தில் 17 நடை, அதாவது ஒரு பத்துமலை. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் ஒருநாள் 32 நடை, ஒருநாள் 60 விநாடி வேகப் பயிற்சி, ஒருநாள் கீழ்ப்படிப் பயிற்சி. ஏழாம் வாரத்தில் ஒருமுறை 60 நடை. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு. அடுத்த சுற்றில் 84, அதன்பின் 129 என்று போகலாம். வார இறுதியில் பூலாய் மலையிலோ குளுவாங்கின் லம்பாக் மலையிலோ ஏறினால், இடையில் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கும் அனுபவமும் கிடைக்கும்.

அறுபது நடையை மனத்தில் எண்ணினால் நாற்பதிலேயே கணக்குத் தவறிவிடும். கீழ்ப்படி ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கையில் எடுத்துப் போய் மாடியில் இன்னொரு கிண்ணத்தில் போட்டுவிட்டு வரலாம். 'டக்'கென்று விழும் சத்தம் ஒரு நடை முடிந்ததைச் சொல்லும். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எண்ணும் வேலையை அவர்களே விரும்பி எடுத்துக்கொள்வார்கள்.

ஏறும் முறையிலும் கவனம் வேண்டும். இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து, பாதத்தைப் படியில் நன்றாகப் பதிக்க வேண்டும். கால் நீளமானவர்கள் இரண்டிரண்டு படியாக ஏறிப் பழகலாம். போட்டி வீரர்கள் பலர் அப்படித்தான் ஏறுகிறார்கள். கைப்பிடியைப் பற்றி இழுத்து ஏறுவது கால்களின் சுமையில் கொஞ்சத்தைக் கைகளுக்கு மாற்றும். முதல் நிமிடத்தில் முழு வேகம் காட்டினால் மூன்றாம் நிமிடத்தில் தொடை கல்லாகிவிடும்.

நம் வீடுகளுக்குள் செருப்பு போடுவதில்லை. ஆனால் வியர்வை சொட்டிய டைல்ஸ் படியில் வெறுங்கால் வழுக்கும். காலுறை மட்டும் அணிந்தால் இன்னும் மோசம். வெளியே போட்டிராத காலணி ஒரு சோடியை வீட்டுக்குள் பயிற்சிக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. படியில் கிடக்கும் பொம்மைகளையும் துணிக்கூடையையும் முதலில் அகற்ற வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் அவசரப் படிக்கட்டைப் பயன்படுத்துகிறவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு போக வேண்டும். சில கதவுகள் உள்ளே போனதும் பூட்டிக்கொள்ளும்.

போட்டிக்கே போகாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை வைத்து ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மூன்று நிமிடம், இரண்டு மணி நேரம் கழித்து மூன்று நிமிடம் என்று படி ஏறி இறங்கியபோது அவர்களின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. பாலத்தைக் கடந்து வீடு வந்து இரவு உணவு உண்பவர்களுக்கு இது எட்டாத காரியமில்லை. சர்க்கரை, இதய நோய், முழங்கால் வலி உள்ளவர்கள் அரசு கிளினிக்கில் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பயிற்சி முடிந்ததும் காலைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

முதல் நாள் கிண்ணத்தில் பத்துக் கொட்டைகள் போதும். மூன்றாம் வாரத்தில் பதினேழாவது கொட்டை மாடிக் கிண்ணத்தில் விழும்போது, ஜொகூரை விட்டு நகராமலே ஒருவர் பத்துமலைக் குகைக்கான படிகளை ஏறி முடித்திருப்பார்.