பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது?

1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பெட்ரோல் பங்க். கார் ஒன்றுக்குப் பெட்ரோல் நிரப்பியாகிவிட்டது. எந்திரத்தின் முகப்பு 5 டாலர் என்று காட்டுகிறது. காரோட்டி 5 டாலரை நீட்டுகிறார். பங்க் பணியாளோ எந்திரத்தின்மேல் ஒட்டியிருக்கும் அட்டையைச் சுட்டிக்காட்டுகிறார். காட்டும் தொகையை இரண்டால் பெருக்கிக் கொடுக்கவேண்டும் என்கிறது அந்த அட்டை!

இது ஏமாற்று வேலை அல்ல. அந்நாளைய பெட்ரோல் எந்திரங்களுக்குள் மின்னணுக் கருவி எதுவும் இல்லை. பல்சக்கரங்கள்தாம் கணக்குப் போட்டன. ஒரு காலனுக்கு இவ்வளவு செண்ட் என்று சக்கரங்களைத் திருப்பி வைத்துவிட்டால், ஓடும் பெட்ரோலின் அளவுக்கு ஏற்பத் தொகையை எந்திரம் காட்டும். ஆனால், அச்சக்கரங்களில் வைக்கக்கூடிய மிக உயர்ந்த விலை 99.9 செண்ட்தான். ஒரு காலன் பெட்ரோல் ஒரு டாலருக்கு (100 செண்டுக்கு) விற்கும் நாள் வரும் என்று அவற்றைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்த நாள் வந்தபோது, சக்கரத்தில் பாதி விலையை வைத்துவிட்டு மனக்கணக்கால் இரட்டிப்பாக்கிக் கொண்டார்கள். வேறு சிலர் காலனை விட்டுவிட்டு லிட்டர் கணக்கில் விற்கத் தொடங்கினார்கள்.

காலன் என்றதும் எமனை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். அது அமெரிக்கர்களின் முகத்தலளவை; 3.785 லிட்டர் கொண்டது. (ஆனால் அந்த ஆண்டுகளில் காரோட்டிகள் பலருக்கு அது எமனாகத்தான் தோன்றியிருக்கும்!) நாம் பெட்ரோல் என்பதை அவர்கள் கேசொலின் என்பார்கள், சுருக்கமாகக் 'கேஸ்'. நம் அடுப்பில் எரியும் கேஸ் வேறு. அதற்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு; பிறகு சொல்கிறேன்.

1973-இல் ஒரு காலன் பெட்ரோலின் சராசரி விலை ஏறத்தாழ 39 செண்ட். 1980-இல் 1 டாலர் 19 செண்ட். ஏழே ஆண்டுகளில் மூன்று மடங்கு! என்ன நடந்தது?

1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியா நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. அமெரிக்கா இஸ்ரேலுக்குப் படைக்கருவிகள் அனுப்பியது. சினம் கொண்ட அரபு எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தன. அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதில்லை என்றும் முடிவு செய்தன. பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 சனவரிக்குள் 12 டாலரை நெருங்கிவிட்டது. (ஒரு பீப்பாய் 42 காலன், அதாவது 159 லிட்டர்.)

அமெரிக்காவின் பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சில மாநிலங்களில் ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண்ணுள்ள கார்களுக்கு மட்டும், இரட்டைப்படைத் தேதியில் மற்றவற்றுக்கு மட்டும் என்று முறை வைத்தார்கள். ஆரிகன் மாநிலத்தில் பச்சைக் கொடி பறந்தால் எல்லாருக்கும் பெட்ரோல் உண்டு; சிவப்புக் கொடி பறந்தால் தீர்ந்துபோயிற்று என்று பொருள். நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு (88 கிலோமீட்டர்) மேல் போகக்கூடாது என்று 1974 சனவரியில் சட்டம் வந்தது. இதில் ஒரு பௌதிகம் இருக்கிறது. ஓடும் காரை எதிர்க்கும் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 70 மைல் வேகத்தில் செல்லும் கார், 55 மைலில் செல்வதைவிட 1.6 மடங்கு காற்றுத் தடையைச் சந்திக்கிறது. அதை வெல்லப் பெட்ரோல்தானே எரியவேண்டும்?

வரிசையே இன்னும் நீண்ட வரிசைக்குக் காரணமாயிற்று என்பதுதான் வேடிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அமெரிக்காவில் சுமார் 10 கோடிக் கார்கள். ஒவ்வொன்றின் தொட்டியிலும் 60 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகத் தொட்டி சராசரியாகப் பாதி நிறைந்திருக்கும். "நாளைக்குக் கிடைக்காமல் போனால்?" என்ற அச்சத்தில் எல்லாரும் முக்கால் தொட்டிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கினால், காருக்கு 15 லிட்டர் கூடுதல். 10 கோடிக் கார்களுக்கு 150 கோடி லிட்டர்! அமெரிக்கா முழுவதும் ஒரு நாளில் எரித்த பெட்ரோலே அப்போது சுமார் 100 கோடி லிட்டர்தான். ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாக ஓடாமல், ஒன்றரை நாள் பெட்ரோல் பங்க்குகளிலிருந்து மறைந்து கார்த் தொட்டிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் யாரும் குற்றவாளி இல்லை. அவரவர் தம் வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், அவ்வளவே.

அரசும் ஒரு தவறு செய்தது என்பது என் கருத்து. விலைக்கு உச்சவரம்பு வைத்து, முந்தைய ஆண்டு எந்த ஊரில் எவ்வளவு விற்றதோ அந்தக் கணக்கில் பெட்ரோலைப் பங்கிட்டது. ஆனால் மக்களோ ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சுற்றுலாத் தலங்களில் பெட்ரோல் மிஞ்சியது. நகரங்களில் வரிசை நீண்டது. காசாகக் கொடுக்காத விலையைக் காத்திருந்த நேரமாகக் கொடுத்தார்கள்.

1979-இல் இரண்டாவது அடி விழுந்தது. ஈரானில் புரட்சி; எண்ணெய்க் கிணறுகளில் வேலைநிறுத்தம். உலகின் எண்ணெய் வரத்தில் குறைந்தது ஏறத்தாழ 4 விழுக்காடுதான். ஆனால் அடுத்த 12 மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. சூன் மாதத்தில், பென்சில்வேனியா மாநிலத்து லெவிட்டவுனில் லாரி ஓட்டுநர்கள் எரிபொருள் விலையை எதிர்த்துச் சாலைச் சந்திப்பை மறித்தார்கள். கூட்டம் சேர்ந்தது. டயர்களும் கார்களும் கொளுத்தப்பட்டன. இரண்டு இரவுகள் கலவரம், பலர் காயமடைந்தார்கள்.

4 விழுக்காடு குறைந்ததற்கு இவ்வளவு பெரிய ஏற்றமா என்று கேட்பீர்கள். ஒரு வாகனக்காரரின் நிலையில் இருந்து பாருங்கள். வீடு ஓரிடத்தில், வேலை 30 கிலோமீட்டருக்கு அப்பால், இடையே பேருந்து இல்லை. பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்பதற்காக நாளைக் காலையில் வீட்டை மாற்ற முடியுமா? கத்தரிக்காய் விலை ஏறினால் வெண்டைக்காய் வாங்கலாம். பெட்ரோலுக்கு மாற்று உடனே கிடைப்பதில்லை. 2001 முதல் 2006 வரையான அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலார் சிலர், பெட்ரோல் விலை 10 விழுக்காடு ஏறினால் உடனடியாகக் குறையும் பயன்பாடு ஒரு விழுக்காடுகூட இல்லை என்று கண்டார்கள். அப்படியானால் பயன்பாட்டை 4 விழுக்காடு குறைக்க விலை எவ்வளவு ஏறவேண்டும்? நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

கிணறு மட்டுமா காரணம்?

கச்சா எண்ணெய் ஏராளமாக இருந்தாலும் பெட்ரோல் விலை ஏறலாம். ஏனென்றால் கச்சா எண்ணெயைக் காரில் ஊற்ற முடியாது. அது பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. சுத்திகரிப்பு ஆலையில் அதை 350 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உயர்ந்த கோபுரத்துக்குள் செலுத்துவார்கள். கொதிநிலை குறைந்தவை மேலே ஏறிச் செல்லும். கூடியவை கீழேயே தங்கிவிடும். வெறுமனே இப்படி வடித்தால் கிடைக்கும் பெட்ரோல் போதாது. எனவே கனமான மூலக்கூறுகளை வினையூக்கியின் உதவியால் உடைத்து மேலும் பெட்ரோல் ஆக்குகிறார்கள். யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த இம்முறை 1937-இல் அமெரிக்காவில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. இன்று அமெரிக்க ஆலைகள் ஒரு பீப்பாயிலிருந்து 19 அல்லது 20 காலன் பெட்ரோல் எடுக்கின்றன.

இந்த ஆலைகளில் ஏறத்தாழப் பாதி மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கின்றன. 2005 ஆகஸ்டு 29-இல் கத்ரீனா என்னும் புயல் அங்கே கரையேறியது. ஆலைகள் நின்றன. மின்சாரம் இல்லாமல், கிழக்குக் கரைக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் குழாய்வழிகளும் சில நாட்கள் நின்றுபோயின. ஒரே வாரத்தில் ஒரு காலனின் சராசரி விலை 2 டாலர் 61 செண்டிலிருந்து 3 டாலர் 7 செண்டுக்குத் தாவியது.

புயலே அடிக்காவிட்டாலும், பெரும்பாலான ஆண்டுகளில் வசந்த காலத்தில் அங்கே விலை ஏறும். இங்கேதான் நம் அடுப்புக் கேஸ் வருகிறது. நம் சமையல் உருளையில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். பியூட்டேனின் கொதிநிலை கிட்டத்தட்ட 0 பாகை. கடுங்குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. எனவே குளிர்காலப் பெட்ரோலில் பியூட்டேனைக் கூடுதலாகக் கலக்கிறார்கள். அது மலிவான பொருள். கலக்கக் கலக்க ஆலைக்கு ஆதாயம். கோடையில் அதே பெட்ரோலை விற்றால் என்ன ஆகும்? தொட்டியிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவி, வெயிலில் புகைவண்டல் போன்ற நச்சு மூட்டத்தையும் ஓசோனையும் உண்டாக்கும். ஓசோன் வானத்தின் மேல்தட்டில் நமக்குக் குடை. மூக்கருகே வந்தால் நுரையீரலுக்குப் பகை. ஆகவே 1989 முதல், கோடைக்காலப் பெட்ரோலின் ஆவியழுத்தத்துக்கு அமெரிக்க அரசு வரம்பு வைத்தது. பியூட்டேனை விலக்கவேண்டும், அதன் இடத்தை விலை கூடிய சரக்கால் நிரப்பவேண்டும். அதே சமயத்தில்தான் பல ஆலைகள் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்படுகின்றன. விடுமுறைப் பயணங்களும் தொடங்குகின்றன. மூன்றும் சேர்ந்து பங்க்கின் விலைப் பலகையை மாற்றுகின்றன.

ராக்கெட்டும் இறகும்

இவ்வளவையும் ஒரு காரோட்டியிடம் விளக்கிச் சொன்னாலும் அவர் முழுமையாக நம்பமாட்டார். "எல்லாம் கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி" என்பார். 1974-லும் அரபு நாடுகளைவிட எண்ணெய்க் கம்பெனிகளையும் தம் அரசையுமே மிகுதியான அமெரிக்கர்கள் குறை சொன்னார்கள். மக்கள் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் கம்பெனிகளின் லாபம் பெருகியது உண்மை. வேண்டுமென்றே பதுக்கினார்கள் என்பது வேறு குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

ஆனால் காரோட்டிகளின் ஒரு புகாரில் நியாயம் இருக்கிறது. "ஏறும்போது ஒரே நாளில் ஏறுகிறது, இறங்கும்போது மட்டும் மாதக்கணக்காகிறதே!" 1991-இல் ராபர்ட் பேக்கன் என்ற ஆய்வாளர் பிரிட்டனின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்து, இது வெறும் பிரமை அல்ல என்று காட்டினார். விலை ராக்கெட்டைப் போல மேலே போகிறது, இறகைப் போல மெல்ல இறங்குகிறது என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 1997-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவிலும் இதையே கண்டது. ஏன் இப்படி? ஒரு விளக்கம் காரோட்டியின் மனத்தைப் பற்றியது. விலை ஏறும்போது அவர் கோபத்தோடு நாலு பங்க்குகளைச் சுற்றிப் பார்க்கிறார். சிறிது இறங்கியதுமே மகிழ்ந்துபோய், கண்ணில் பட்ட முதல் பங்க்கில் நிரப்பிக்கொள்கிறார். தேடுவார் இல்லாதபோது விற்பவருக்கு என்ன அவசரம்?

அந்தச் சுற்றிப் பார்க்கும் வேலையிலும் கணக்கு வேண்டும். 1974-இல் ஒருவர், காலனுக்கு 3 செண்ட் மலிவு என்று 5 மைல் தள்ளியுள்ள பங்க்குக்குப் போய் 10 காலன் வாங்கித் திரும்பினார் என்று கொள்வோம். மிச்சம் 30 செண்ட். அக்காலத்துக் கார் ஒரு காலனுக்கு 13 மைல் அளவே ஓடியது. போக வர 10 மைலுக்கு முக்கால் காலன் தீர்ந்திருக்கும். காலன் 53 செண்ட் வீதம் செலவு 40 செண்ட்! 10 செண்ட் நட்டத்தோடு வீடு திரும்பி, மலிவாக வாங்கியதாக மனைவியிடம் பெருமை பேசியிருப்பார்.

வேறெந்தப் பொருளின் விலைக்கும் இந்தக் கவனம் கிடைப்பதில்லை. அரிசியின் விலையை யாரும் தெருமுனையில் ஆளுயர எழுத்தில் எழுதி வைப்பதில்லை. பெட்ரோல் விலையோ போகும்போதும் வரும்போதும் கண்ணில் குத்துகிறது. வேறு எதையும் சேர்க்காமல் அதை மட்டும் வாங்கி, எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1985-க்குள் புதிய கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல் ஓடவேண்டும் என்றது அது. லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர், பழைய கார்களைப்போல் இரு மடங்கு. காலனின் விலை இரட்டித்தாலும் ஒரு மைலின் செலவு ஏறாது என்றால், காரோட்டிக்கு அது சிறிய ஆறுதலா?

இறுதியாக ஒரு விந்தை. 2020 ஏப்ரல் 20. கொரோனா தொற்றால் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. எண்ணெய் வாங்குவார் இல்லை. ஒக்லகோமா மாநிலத்துக் குஷிங் என்னும் ஊரில் ஒப்படைக்கவேண்டிய கச்சா எண்ணெய்க்கான மே மாத ஒப்பந்தம் மறுநாள் முடிய இருந்தது. அங்குள்ள சேமிப்புத் தொட்டிகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் எப்படியாவது தள்ளிவிடத் துடித்தார்கள். அன்று மாலை பீப்பாயின் விலை −37.63 டாலர்! அதாவது, எண்ணெயை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்கவேண்டும். அன்றும் அமெரிக்கப் பங்க்குகளில் ஒரு காலன் பெட்ரோல் சுமார் 1 டாலர் 80 செண்டுக்கு விற்றது. காரோட்டிகள் கேட்காமல் இருப்பார்களா, "எங்களுக்கு எப்போது பணம் தருவீர்கள்?" என்று! அந்த ஒரு நாள் ஒப்பந்த விலை, ஆலைகள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிக் காய்ச்சி முடித்திருந்த எண்ணெயைத் தொடவே இல்லை. ஆலைச் செலவு, குழாய்வழி, லாரி வாடகை, பங்க்குக்காரரின் கூலி ஆகியவையும் அப்படியே இருந்தன. காலனுக்கு 18.4 செண்ட் என்று 1993 முதல் மாறாமல் நிற்கும் மத்திய அரசின் வரியும் அப்படியேதான் இருந்தது.