சோழமண்டலக் கரைக்கு ஏற்ற வீட்டுத் தோட்டம்

சோழமண்டலக் கரையில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர் நேரெதிரான இரண்டு பருவங்களுக்குச் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது வறண்ட ஊரின் கணக்கு அல்ல. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜனவரியிலிருந்து மே முடியும்வரை வானம் ஏறக்குறையக் கைவிரித்துவிடும். காற்றின் ஈரப்பதம் மட்டும் அப்போதும் குறைவதில்லை. சட்டை நனையும், மண் நனையாது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிப்போய் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. இங்கே வைக்கப்படும் செடி மழைக்காலத்தில் வேரடியில் தண்ணீர் நிற்பதையும் தாங்க வேண்டும். அடுத்து வரும் ஐந்து மாத வறட்சியையும் தாங்க வேண்டும்.

தண்ணீர்ச் சிக்கனத் தோட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கள்ளிச்செடிகளும் வெள்ளைக் கூழாங்கற்களும்தான். அந்தப் பாணி வறண்ட மேற்கு அமெரிக்காவில் உருவானது. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981-ல் முன்வைத்த தண்ணீர்ச் சிக்கனத் தோட்டக்கலைதான் அதற்கு வித்து. அதன் அடிப்படைக் கொள்கைகள் எந்த ஊருக்கும் பொருந்தும். செடிப் பட்டியல் பொருந்தாது. பாலைவனக் கள்ளி கத்திரி வெயிலை எளிதாகக் கடந்துவிடும், கார்த்திகை மழையில் அடி அழுகிச் சாயும். கூழாங்கல் பகலில் வாங்கிய சூட்டை மாலையில் சுவரோரம் திருப்பிக் கொடுக்கும். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த கடலோரத்துக்கு வேறொரு முன்மாதிரி வேண்டும்.

அந்த முன்மாதிரி இங்கேயே இருந்திருக்கிறது. ஹாரி சாம்பியனும் எஸ். கே. சேத்தும் 1968-ல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ தனி வகையாக இடம்பெற்றிருக்கிறது. சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடு அதுதான். மரங்கள் குட்டை, பெரும்பாலும் 10 மீட்டரைத் தாண்டுவதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியது போல் மின்னுபவை. வறட்சியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் உள்நாட்டுக் காடுகளைப் போலன்றி, இவை மே மாதத்திலும் பச்சையாகவே நிற்கும். இன்று எஞ்சியிருப்பவை துண்டுதுண்டாகச் சில இடங்களே: கிண்டி தேசியப் பூங்கா, வண்டலூர்க் காப்புக்காடு, கோடியக்கரை, புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றிய காடு. கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இங்குள்ளவை போலவே பாலையும் வீரையும்தான் பெருமரங்கள். அரசுக் காப்புக்காடுகளுக்கு வெளியே மீந்திருப்பவற்றில் பெரும்பகுதி கோயில் காடுகள். அய்யனாருக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்தவை அவை. இப்போது கோயில் விரிவாக்கம், கான்கிரீட் மண்டபம், வண்டி நிறுத்தம் என்று அவையும் சுருங்கிவருவது வேதனைக்குரியது.

இந்தக் காடுகள் பலவற்றில் எண்ணிக்கையில் முந்தி நிற்பது காசான். காயா என்பதும் இதுதான். திருமாலின் நிறத்துக்குத் தமிழ்ப் புலவர்கள் உவமையாக்கிய காயாம்பூ இதன் பூவே. ஒரு கிளையைக் கையில் எடுத்தால் இலைகள் எதிரெதிராக, கரும்பச்சையாக, தோல் போலத் தடித்திருக்கும். நடுநரம்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். பக்க நரம்புகள் சதைக்குள் புதைந்து கிடக்கும். இலைக்குள்ளே தடித்த சுவருள்ள கெட்டியான செல்கள் ஊடுபாவாக ஓடுகின்றன. தண்ணீர் குறைந்தாலும் இலை துவண்டு தொங்காமல் விறைப்பாக நிற்பதற்கு அவை துணைசெய்கின்றன. கோடையில் பூ வரும் விதம் விசித்திரமானது. நுனிக் கொழுந்தில் பூக்காமல், இலையுதிர்ந்த முற்றிய குச்சிகளின் கணுக்களில் கொத்துக்கொத்தாக நீல மொட்டுகள் கட்டும். பூ ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். ஆனால் புதர் முழுவதும் ஒரே சமயத்தில் விரிந்தால் கிளைகளுக்கு நீலத் துணி சுற்றியது போலிருக்கும். சில நாட்களில் அத்தனையும் உதிர்ந்துவிடும். பின்னால் வரும் உருண்டைப் பழங்கள் முற்றிக் கறுத்ததும் சின்னான்கள் வந்து கொத்திப் போகும்.

காசானுக்கு இன்னொரு வியப்பான இயல்பு உண்டு. மண்ணில் உள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்துவைக்கும் செடி இது. பெரும்பாலான பயிர்களுக்கு நஞ்சாகும் அளவு அலுமினியம் இதன் இலையில் சாதாரணமாகக் கிடக்கும். சாயக்காரர்களுக்கு வேதியியல் தெரியாமலே இதன் பயன் தெரிந்திருந்தது. துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். படிகாரம் என்பது அலுமினிய உப்பு. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பு ஏற்றிய காலத்தில், அந்தக் கொப்பரையில் காசா இலையும் போட்டார்கள். கடல் கடந்து போய்ப் பெயர் வாங்கிய சிவப்புத் துணிகளில் இந்தப் புதருக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்று கரையோரத்து நர்சரிகளில் காசான் கன்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தாய்லாந்திலிருந்து வந்த ஒட்டுச்செடி உடனே கிடைக்கிறது.

தோட்டத்தின் தண்ணீர்ச் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது புல்தரை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். கொரியன் புல், மெக்சிகன் புல் என்று விற்கப்படும் புல் கம்பளத்தைக் கோடையில் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் விட்டால், 1,000 சதுர அடிக்கு 465 லிட்டர் ஆகிறது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். மூன்று பேருக்கு மேல் நாள் முழுவதும் புழங்கக்கூடிய தண்ணீரைப் புல் குடிக்கிறது. அதுவும் நிலத்தடி நீரில் உப்பேறிவரும் கடலோர ஊரில். இதை அழகு என்று சொல்வது கடினம். தரைக்குப் பச்சைதான் வேண்டுமென்றால் பொடுதலை போதும். வயல் வரப்பில் தானாகப் படரும் இக்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஓரளவு மிதியைத் தாங்கும். வேர் பிடித்தபின் கோடையில் வாரம் ஒரு முறை நீர் போதும். வெள்ளையும் இளஞ்சிவப்புமான அதன் சிறு பூக்களில் தேனீக்கள் நாள் முழுவதும் மேயும். நிழலான இடத்துக்கு மருள் ஏற்றது. குழந்தைகள் ஓடியாட வேண்டிய சிறு பகுதிக்கு அருகம்புல் இருக்கிறது.

மரம், புதர், கொடி என்று காடு அடுக்கியிருக்கும் முறையையே வீட்டிலும் சிறிய அளவில் அடுக்கலாம். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் ஒரு புங்கையோ மகிழமோ நின்றால் சுவரின் சூடு தணியும். உப்புக்காற்று அடிக்கும் மணல் மனையில் புன்னையும் பூவரசும் நிலைக்கும். இடம் குறைவென்றால் சரக்கொன்றையோ காட்டு எலுமிச்சையோ வைக்கலாம். காட்டு எலுமிச்சையின் இலையில் கறிவேப்பிலை அழகி என்னும் கருநிறப் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழுக்கள் இலையைக் கடித்தால் மருந்தடிக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் மரம் மீண்டும் தழைத்துவிடும். மதிலோரத்து உயிர்வேலிக்கு விராலி, பிராய், களா ஆகியவை கவாத்தை நன்றாக ஏற்கும். களாவின் முள் ஆடுமாட்டைத் தடுக்கும், காய் ஊறுகாய்க்கு ஆகும். மழைநீர் தேங்கும் தாழ்வான மூலைக்கு நொச்சி பொருத்தம். ஆவாரை, ஆடாதோடை, செம்முள்ளி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் கிராமங்களில் இன்றும் விதையோ போத்தோ கிடைக்கும். கம்பிவேலி இருந்தால் பிரண்டையையும் சங்குப்பூவையும் ஏற்றிவிடலாம். செங்காந்தள் மாநில மலர்தான், அழகும்தான். ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வறட்சியைத் தாங்கும் என்ற ஒரே தகுதியை மட்டும் பார்த்துச் செடி தேர்ந்தெடுப்பது ஆபத்து. கோனோகார்பஸ் அப்படிப் பரவியதுதான். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியைச் சேர்ந்த அது உப்பையும் வெயிலையும் தாங்கும், வேகமாக வளரும் என்று சாலை நடுவிலும் வீட்டு மதிலோரத்திலும் வரிசையாக நட்டார்கள். வேர்கள் குழாய்களையும் வடிகால்களையும் நாடிச் செல்வதும் மகரந்தத்தால் ஒவ்வாமை வருவதும் புகாராகக் கிளம்பின. குஜராத் அரசு 2023-ல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. தரை மூடச் சிங்கப்பூர் டெய்சி வைத்தவர்கள் அது பக்கத்து வாய்க்காலையும் மூடுவதைப் பார்த்திருப்பார்கள். சீமைக்கருவேலம் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்களே பெருமளவில் விழுந்தன. வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி மூச்சுமுட்ட வைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதை மரத்தின் குற்றமாக மட்டும் எழுதக் கூடாது.

பராமரிப்பே தேவையில்லாத தோட்டம் என்று ஒன்று கிடையாது. முதல் இரண்டு கோடைகள் உழைப்பைக் கேட்கும். நடுவதற்குச் சரியான காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். ஐப்பசி மழை வருவதற்குள் கன்று நிலைகொள்ளும், மழை முடிவதற்குள் வேர் ஆழம் போகும். ஆளுயரக் கன்றைவிட ஓரடி, ஒன்றரையடிக் கன்று நல்லது. நெடுநாள் பையில் இருந்த பெரிய கன்றின் வேர் உள்ளேயே சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கும். மண்ணில் வைத்தபிறகும் அந்தச் சுருள் எளிதில் நிமிராது. முதல் கோடையில் வாரம் இருமுறை, இரண்டாம் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, வட்டப்பாத்தி நிறையத் தண்ணீர் விட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மூன்றாம் ஆண்டில் நீரை நிறுத்தும்போது செடி கருகும். பிழைத்து நிற்பதும் பட்டுப்போவதும் இந்தப் பழக்கத்தில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது.

அடுத்தது சருகு. காட்டுத் தரையில் யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. உதிர்ந்த இலைகளை மூன்று அங்குலக் கனத்துக்கு, தண்டைத் தொடாமல், செடியைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் மண்ணின் ஈரம் காயாது, களை குறையும், அடுத்த மழைக்குள் பாதி மட்கி உரமாகும். வீட்டுச் சருகைத் தினமும் கூட்டித் தெருமுனையில் கொளுத்திவிட்டு, மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடும் வழக்கம் வீண். பாம்புக்குப் பயந்தால் வாசலையும் நடைபாதையையும் ஒட்டி நான்கடி அகலத்துக்குச் சருகில்லாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். மழைநீரை நிறுத்தும் பள்ளங்களில் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமாவது ஆகும் என்பதால் அங்கே பெருகாது. தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் குழாயை இத்தகைய பள்ளத்துக்குத் திருப்பிவிட்டால் 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டு முழுவதும் விழும் ஏறத்தாழ 1,30,000 லிட்டரில் பெரும்பகுதி தோட்டத்து மண்ணுக்குள்ளேயே இறங்கும்.

கன்று கிடைப்பதுதான் இன்னும் சிக்கல். புதுச்சேரி அருகே ஆரோவில்லில் 1968-க்குப் பின் வந்தவர்கள் அரித்துப்போன செம்மண் மேட்டில் காடு வளர்த்தார்கள். எஞ்சிய கோயில் காடுகளில் விதை பொறுக்கிக் கன்று வளர்த்த அனுபவம் அங்கு இருக்கிறது. வனத்துறை நாற்றங்கால்களிலும் புங்கை, மகிழம், நாவல், பூவரசு போன்றவை கிடைக்கும். காசான், வீரை, உலக்கைப்பாலை ஆகியவற்றைத் தனியார் நர்சரிகள் வளர்ப்பதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். தோட்டம் போட நினைப்பவர்கள் சித்திரை, வைகாசியிலேயே நர்சரிக்குப் போய், இந்தப் பெயர்களைச் சொல்லி, புரட்டாசிக்குக் கன்று வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.