எம்டன்: கப்பலுக்கும் வாத்துக்கும் ஒரே பெயர்

மாணவர்களே, 'அவன் சரியான எம்டன்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையையும் அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தையும் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே எம்டன். ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள எம்டன் நகரின் பெயரை அக்கப்பலுக்கு வைத்தார்கள். அந்நகரின் பெயரைத் தாங்கிய ஒரு பறவையும் உண்டு. அதுதான் எம்டன் வாத்து.

தமிழில் 'டக்', 'கூஸ்' இரண்டையும் வாத்து என்றே சொல்கிறோம். எம்டன், நீண்ட கழுத்துடைய கூஸ் வகை. மலாய் மொழியில் இதை 'அங்சா' என்பார்கள். வெள்ளை இறகு, ஆரஞ்சு நிற அலகு, நீலக் கண்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். குஞ்சுகளின் உடலில் மட்டும் சாம்பல் நிறம் கலந்திருக்கும். ஆண் குஞ்சின் நிறம் வெளிர்ந்தும் பெண் குஞ்சின் நிறம் சற்று அடர்ந்தும் இருப்பதால், முதல் சில நாள்களிலேயே இரண்டையும் பிரித்தறியலாம்.

ஏன் பறக்க முடிவதில்லை?

எம்டனின் மூதாதை, ஐரோப்பாவின் சாம்பல் நிறக் காட்டு வாத்து. அதன் எடை சுமார் 3 முதல் 4 கிலோகிராம். அது நெடுந்தூரம் பறக்கும். மனிதர்கள் இறைச்சிக்காகப் பெரிய பறவைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். இன்று ஆண் எம்டன் ஏறத்தாழ 12 கிலோகிராம், பெண் 9 கிலோகிராம் இருக்கும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பறவையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் சிறகின் பரப்பளவு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். ஆகவே உடல் பெருக்கப் பெருக்க, சிறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய சுமையும் கூடுகிறது. எம்டனால் சிறகடித்து ஓட முடியும். காட்டு வாத்தைப் போல வானில் நெடுந்தூரம் செல்ல முடியாது.

தூவியின் இரகசியம்

வாத்தின் வெளி இறகில் உள்ள இழைகள், நுண்ணிய கொக்கிகளால் 'ஜிப்' போல ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் மென்மையான தூவியில் அத்தகைய கொக்கிகள் இல்லை. அதன் இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து, இடையே காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நகர முடியாத காற்றில் வெப்பச் சலனமும் நிகழாது. குளிராடையின் உறைக்குள் இருக்கும் தூவி செய்வதும் இதே வேலைதான். வெள்ளைத் தூவிக்கு மதிப்பு அதிகம். ஏனெனில் மெல்லிய துணி வழியே அதன் நிறம் தெரியாது.

விலையை யார் கொடுப்பது?

சந்தைக்கு வரும் தூவியில் பெரும்பகுதி, இறைச்சிக்காக வளர்க்கும் பறவைகளிடமிருந்து கிடைக்கும் உபபொருள். ஆனால் சில இடங்களில் உயிருள்ள பறவையிடமிருந்தே தூவியைப் பிடுங்கியதும் உண்டு. இறகின் வேர் தோலுக்குள் இருக்கிறது. அங்கே நரம்புகளும் உள்ளன. ஆகவே பிடுங்கும்போது வலிக்கும், தோலும் கிழியக்கூடும். உயிருள்ள வாத்தின் இறகையோ தூவியையோ பிடுங்கக் கூடாது என்று ஐரோப்பா மன்றம் 1999ஆம் ஆண்டின் பரிந்துரையில் கூறியது.

பறக்கும் பறவையைப் பறக்க முடியாத உடலுக்கு மாற்றியவர்கள் நாம். அதை வலியின்றி வளர்க்கும் கடமையும் நம்முடையதே. குளிர்நாட்டுப் பயணத்திற்குக் குளிராடை வாங்கும்போது, தூவி எப்படிப் பெறப்பட்டது என்று அட்டையில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு குவளைகளில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை உலர்ந்த பஞ்சாலும் மற்றொன்றை நனைத்த பஞ்சாலும் சுற்றுங்கள். 10 நிமிடம் கழித்து வெப்பநிலையை அளந்து ஒப்பிடுங்கள். நீந்தும் வாத்து ஏன் தன் இறகுக்கு ஓயாமல் எண்ணெய் பூசிக்கொள்கிறது என்பதற்கான விடை, உங்கள் வெப்பமானியிலேயே கிடைக்கும்.