செல்லப் பிராணியின் அரிப்பும் கட்டியும்: எது சாதாரணம், எது ஆபத்து?

லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அடுத்தடுத்து உள்ளன. 'கெர்பாவ்' என்ற மலாய்ச் சொல்லுக்கும் எருமை என்றுதான் பொருள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் நடந்த மாட்டு வணிகத்தின் நினைவு இந்தப் பெயர்களில் தங்கியிருக்கிறது. இன்று அங்கு மாடுகள் இல்லை. கடை வாசலில் உறங்கும் பூனைகளும், மாலையில் நடக்க அழைத்து வரப்படும் நாய்களும்தான் கண்ணில் படுகின்றன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அது நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் கட்டாயம். தடை இருந்த காலத்தில் மறைத்து வளர்த்து, நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்கியவர்களும் உண்டு. இப்போது அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. ஆனால், "அரிப்புதானே, சிறு கட்டிதானே" என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் பலரிடம் மாறவில்லை.

தெள்ளுப்பூச்சியும் உண்ணியும்

நாய், பூனை இரண்டும் ஓயாமல் சொறிவதற்கு முதல் காரணம் தெள்ளுப்பூச்சி. வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பிலும் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. முடியைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் தாளில் வைக்கவேண்டும். செம்பழுப்பு நிறம் பரவினால் அது பூச்சியின் கழிவு. அதாவது செரித்த இரத்தம்.

பிராணியின் உடலில் காணப்படும் பூச்சிகள் மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடுதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மெத்தையிலும் சோபா இடுக்கிலும் தரைவிரிப்பிலும் இருக்கும். சிங்கப்பூரின் வெப்பத்தில் சுமார் மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ஒருமுறை மருந்து போட்டும் பூச்சி திரும்பி வருகிறது என்ற குறைக்குக் காரணம் இதுதான். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து தந்து, சில மாதங்கள் விடாமல் தொடரவேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைப்பதும் அவசியம்.

நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. பெண் உண்ணி இரத்தம் குடித்து ஊதிய பின் கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது கடிக்கும்போது எர்லிக்கியா, பெபீசியா போன்ற இரத்த நோய்க் கிருமிகளும் நாயின் உடலுக்குள் செல்லலாம். காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்திருக்கும். பூனையின் ஈரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. "பூனை சிறியதுதானே, பாதி அளவு போடலாம்" என்று கணக்கிட்டால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறந்துவிடக்கூடும். அந்த மருந்து போட்ட நாயைப் பூனை நக்குவதும் ஆபத்தே. தேயிலை மர எண்ணெயும் பாரசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான். மண்ணெண்ணெய் தடவும் பழைய கைவைத்தியம் தோலையே புண்ணாக்கிவிடும்.

மனிதருக்குத் தொற்றுபவை

வட்டமாக முடி உதிர்ந்து, செதில் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது புழு அல்ல, பூஞ்சை. பூனைக்குட்டிகளிடமிருந்து பிள்ளைகளுக்கு எளிதில் தொற்றும். ஆனால் குணமாகக்கூடியது. பிள்ளையின் கையில் ஒரு வட்டம் தெரிந்தவுடன் பூனையைக் கொண்டுபோய் வெளியே விடுவது தீர்வல்ல. பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும்கூட. பூனைக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்து, வீட்டைச் சுத்தம் செய்தாலே போதும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவது ஸ்போரோதிரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய். மலேசியப் பூனைகளிடம் இது நன்கு அறியப்பட்டது. வெளியே சுற்றிச் சண்டையிடும் ஆண் பூனைகளின் மூக்கு, முகம், பாதங்களில் ஆறாத புண்ணாகத் தோன்றும். கீறல் வழியாக மனிதருக்கும் பரவும். சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கலாம். புண் ஆறியதாகத் தெரிந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். இத்தகைய பூனையைத் தொடும்போது கையுறை அணியவேண்டும்.

கட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. வயதான நாய்களின் தோலுக்கடியில் மெதுமெதுவென்று நகரும் கட்டி பெரும்பாலும் தீங்கற்ற கொழுப்புக் கட்டிதான். ஆனால் மாஸ்ட் செல் கட்டி எனப்படும் புற்றுநோயும் அதே தோற்றத்தில் ஏமாற்றக்கூடியது. மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படாது.

மார்புக் கட்டி விஷயத்தில் காத்திருப்பதற்கு விலை அதிகம். பெண் நாய்களுக்கு வரும் மார்புக் கட்டிகளில் சுமார் பாதி புற்றுநோய். பூனைகளிடம் அது 85 விழுக்காட்டுக்கு மேல். பூனையின் கட்டி 2 சென்டிமீட்டரை எட்டுமுன் அகற்றப்பட்டால், பெரிதான பின் அகற்றுவதைவிட அது நெடுநாள் வாழ வாய்ப்புண்டு. ஆறு மாதத்துக்குமுன் கருத்தடை செய்த பூனைகளுக்கு இந்த ஆபத்து சுமார் 91 விழுக்காடு குறைவு என 2005இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நாய்களைப் பற்றி 1969இல் வந்த அமெரிக்க ஆய்வும் இளம் வயதுக் கருத்தடையின் பயனை வலியுறுத்தியது. அதன் சான்றுகள் போதுமான வலுவுடையவை அல்ல என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் சிலர் கருதினர். ஆகவே நாய்க்கு ஏற்ற வயதை அதன் இனம், உடல்நிலை பார்த்து மருத்துவரே முடிவு செய்வது நல்லது.

வெயிலும் ஒரு காரணம். வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் ஆறாத சிறு பொருக்கு தோன்றினால், அது வெயிலால் வரும் தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள ஊரில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

வாரம் ஐந்து நிமிடம்

வாரத்துக்கு ஒருமுறை மூக்கு முதல் வால் வரை கையால் தடவி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் வயிற்றிலும் பார்ப்பது நல்ல பழக்கம். கட்டி தென்பட்டால் அதன் இடம், அளவு, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படமும் எடுத்து வைக்கலாம். ஒரு மாதமாக இருக்கும் கட்டி, வளரும் கட்டி, புண்ணாகும் கட்டி ஆகிய மூன்றையும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். எங்கே வலிக்கிறது என்று வாயில்லா ஜீவனால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வளர்ப்பவருடையது.