பாஸ்போர்ட் கையில் இல்லாத வாரங்கள்

அமெரிக்காவில் வாழும் இந்தியர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அன்றும் தபாலைத்தான் நம்பினார்கள், இன்றும் பெரும்பாலும் அதைத்தான் நம்புகிறார்கள். நாடு அவ்வளவு பெரியது. எண்பதுகளில் வாஷிங்டனில் தூதரகம், நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோவில் துணைத் தூதரகங்கள், அவ்வளவுதான். டெக்சஸில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியரும் அலபாமாவில் பாடம் நடத்திய பேராசிரியரும் நேரில் போய் வரவேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். ஹூஸ்டனுக்கு 1995இலும் அட்லாண்டாவுக்கு 2012இலும் சியாட்டிலுக்கு 2023இலும் துணைத் தூதரகம் வந்த பிறகும் பலருக்கு அது பல மணி நேரக் கார்ப் பயணம்தான். ஆகவே உறைதான் வழி. உறையை ஒட்டி அனுப்பியபின் கழியும் நாட்கள்தான் மாறிவிட்டன. அவை மாறிய விதம் நாம் சாதாரணமாக நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது.

பழைய பாஸ்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம். அது கையால் எழுதப்பட்டது. பெயர், பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம், அங்க அடையாளமாக ஒரு மச்சமோ தழும்போ, எல்லாம் பேனா மையில் இருக்கும். புகைப்படத்தைப் பசை போட்டு ஒட்டி, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி புடைப்பு முத்திரை குத்தியிருப்பார்கள். எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று தனியே குறிப்பு இருக்கும். சிறு பிள்ளைகளின் பெயரை அப்பா அல்லது அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். புதுப்பித்தலுக்கென்றே அதில் ஒரு பக்கம் உண்டு. ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, இன்ன தேதிவரை செல்லும் என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடுவார். உறைக்குள் போன அதே புத்தகம் ஒரு முத்திரை கூடுதலாகத் திரும்பி வரும். விசாவும் பழைய பயணங்களின் சீல்களும் அதிலேயே இருக்கும்.

அதோடு அனுப்ப வேண்டியவை அதிகமில்லை. பூர்த்தி செய்த படிவம், புகைப்படங்கள், மணி ஆர்டர், திரும்பி வருவதற்கு சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை. பலர் கூடவே ஒரு கடிதமும் வைத்தார்கள். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. இன்ன மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது, அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று ஓர் அதிகாரிக்கு எழுதும் கடிதம். எண்பதுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தபால்ல போட்டுட்டு வந்தா அதைப் பத்தி நினைக்கவே மாட்டோம்பா. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, வர்றப்ப வரும். எங்கே இருக்குன்னு கேக்க ஒரு நம்பரும் கிடையாது. ஆனா வந்துரும்."

அவர் அந்த நாட்களை அமைதியாகக் கழித்ததற்கு நம்பிக்கை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் அன்று ஒன்றும் வேகமாக நடந்திருக்காது. ஊரில் அப்பா இறந்தால் தந்தி வரவேண்டும், அல்லது யாராவது டவுனுக்குப் போய் டிரங்க் கால் புக் செய்து காத்திருந்து சொல்லவேண்டும். செய்தி இங்கே வந்து சேரும்போது அங்கே தகனம் முடிந்திருக்கும். உடலை ஒரு நாளுக்குமேல் வைத்திருக்க வழியில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகக் காத்திருப்பது என்ற எண்ணமே யாருக்கும் வராது. சித்தப்பா மகனோ தம்பியோ கொள்ளி வைப்பார்கள். இங்கிருப்பவர் முடிந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவார், முடியாவிட்டால் அடுத்த கோடையில் போய்ப் படத்தின் முன்னால் நிற்பார். அந்தத் தலைமுறையில் பெற்றோரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அந்த இழப்புக்குத் தூரம்தான் காரணம். பாஸ்போர்ட்டின்மீது யாரும் பழிபோட இடமில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முத்திரை குத்திப் புதுப்பிக்கும் பழக்கம் போய், பத்தாண்டு முடிந்தால் புதுப் புத்தகமே தருவது என்றானது. அரசு மொழியில் இப்போது அது மறுவழங்கல். உலகம் முழுவதும் கையெழுத்துப் பாஸ்போர்ட்டுகளை ஒழிக்க சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015 நவம்பர் 24ஐக் கெடுவாக வைத்தது. இருபதாண்டு செல்லும் என்று நம்பி வைத்திருந்த, படம் ஒட்டிய பழைய புத்தகங்களையும் அப்போது மாற்ற வேண்டியதாயிற்று. விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் வேலை தனியார் சேவை நிறுவனங்களுக்குப் போனது. 2018இல் அமெரிக்காவிலுள்ள தூதரகங்கள் இந்தியாவின் பாஸ்போர்ட் சேவா கணினி அமைப்போடு இணையத் தொடங்கின. சென்னையிலோ திருச்சியிலோ முதலில் பாஸ்போர்ட் வாங்கியவரின் பதிவை இங்கிருந்தே பார்க்க முடிகிறது. இவை நல்ல மாற்றங்கள். காத்திருக்கும் காலம் குறைந்தது, உறை எங்கே போகிறது என்று கூரியர் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் முன்பு குமாஸ்தா செய்த வேலை முழுவதும் இப்போது விண்ணப்பிப்பவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. அரசின் தளத்தில் ஒரு படிவம், சேவை நிறுவனத்தின் தளத்தில் இன்னொன்று. முகவரிக்கு ஓட்டுநர் உரிமமோ கரண்ட் பில்லோ, சட்டப்படி தங்கியிருப்பதற்கு விசா நகலோ கிரீன் கார்டு நகலோ வைக்க வேண்டும். தோற்றமோ கையெழுத்தோ மாறியிருந்தால் அதற்கொரு பிரமாணம், நோட்டரி முன்னால் போடும் கையெழுத்து. முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்கு 75 டாலர் கட்டணம், அதோடு சேவைக் கட்டணம், கூரியர் கட்டணம். எல்லாவற்றையும் அச்செடுத்து, பட்டியலில் சொன்ன வரிசையில் அடுக்கி அனுப்பவேண்டும். கணினியோடு புழங்குகிறவருக்கு இது இரண்டு மாலை வேலை. உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவருக்கோ, மகன் வீட்டில் தங்கியிருக்கும் எழுபது வயதுத் தாய்க்கோ இது மலை. அவர்கள் இன்னொருவர் தயவை நாட வேண்டியிருக்கிறது. அன்று படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் உள்ளே இருந்தவர் பார்த்து நிரப்பிக்கொண்டதுண்டு. இன்று கட்டத்தின் கோட்டைத் தொட்ட கையெழுத்துக்குக்கூடப் பொதி நிற்கும்.

இந்தக் கையெழுத்துக் கட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி. கோட்டில் படாமல், கறுப்பு மையில், உள்ளேயே முடியவேண்டும். தமிழில் நீளமாகக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் வெள்ளைத்தாளில் அதே அளவு கட்டம் வரைந்து பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் கை வைப்பார். குழந்தைக்கு அங்கே கைநாட்டு. ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது. இரண்டு வயதுப் பிள்ளை விரலை நீட்டித் தருமா? விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ளும். பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மைத்தட்டில் பெருவிரலைத் தொட்டு, அப்பா தாளைப் பிடிக்க அம்மா பதிக்கிறாள். எல்லாம் கணினிமயமான பிறகும் உள்ளங்கை மை கழுவும் இந்த ஒரு வேலை மிச்சமிருக்கிறது.

நம் பெயர்களின் பாடு தனி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்தெழுத வேண்டும். குடும்பப்பெயர் என்ற கட்டத்தைத் தமிழர்கள் பலர் காலியாக விட்டார்கள், ஏனென்றால் நமக்கு அது இல்லை. அமெரிக்க விசாவில் இருந்த ஒரே பெயர் குடும்பப்பெயராகி, முதல் பெயருக்கு நேராக 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்து உட்கார்ந்தது. எஃப்.என்.யு. என்ற அந்த மூன்றெழுத்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு என்று கூடவே வரும். பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போதாவது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடலாம் என்று பார்ப்பார்கள். அதைத் தொட்டால் சாதாரணப் புதுப்பித்தல் பெயர்மாற்ற விண்ணப்பமாகிவிடுமோ, பிரமாணம், பத்திரிகை விளம்பரம் என்று நீளுமோ என்ற பயத்தில் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெற்ற அப்பாவின் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைப்பதற்கு இவ்வளவு தயங்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த இடைப்பட்ட வாரங்கள். முன்பைவிடக் குறைந்த நாட்கள்தான், ஆனால் முன்பைவிடக் கனமானவை. ஏனென்றால் சுற்றியிருக்கும் மற்ற எல்லாம் வேகமாகிவிட்டது. ஊரில் அம்மா மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே வாட்ஸாப்பில் இங்கே தெரிகிறது. துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ கிளம்பினால் மறுநாள் சென்னையில் இறங்கலாம். இறந்தவரை வைத்திருக்க இன்று சின்ன ஊரிலும் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. "எடுக்கல, நீ வர்றவரைக்கும் வெச்சிருக்கோம், கெளம்பி வா" என்று அண்ணன் போனில் சொல்ல முடிகிறது. அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு அன்று தடையாக இருந்த ஒவ்வொன்றும் விலகிவிட்டது. மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது, தளத்தில் 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது.

அவசரத்துக்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். தூதரகங்களில் அவசர உதவி எண் உண்டு, மரணம் என்றால் முன்னுரிமை கொடுக்கிறார்கள். இந்தியாவுக்குப் போக மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழும் உண்டு. ஆனால் அது ஒருவழிப் பயணத்துக்குத்தான். திரும்பி வர உதவும் அமெரிக்க விசா தபாலில் போன அந்தப் பழைய புத்தகத்தில் அல்லவா இருக்கிறது? பழைய பாஸ்போர்ட் மூலை வெட்டி, ரத்து முத்திரையோடு திரும்பி வந்தாலும் அதிலுள்ள விசா செல்லும். அதனால்தான் நம்மவர்கள் பழையதையும் புதியதையும் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்தே எடுத்துப் போகிறார்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் பழைய புத்தகம் கைக்கு வராமல் கிளம்பினால் வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே நிற்க, அவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

நிதானமாகப் புதுப்பிக்கவும் முடிவதில்லை. அமெரிக்காவுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட் முடியும் தேதியோடு தங்கும் அனுமதியையும் நிறுத்திவிடுவது அதிகாரிகளின் வழக்கம். வேலை அனுமதி மூன்றாண்டுக்கு இருந்தாலும் ஐ-94 என்ற பதிவில் குறைந்த தேதி விழுந்துவிடும். அதைக் கவனிக்காமல் இருந்தால் சட்டப்படி தங்கும் உரிமையே சிக்கலாகிவிடும். ஆகவே முடிய ஓராண்டு இருக்கும்போதே, அடுத்த ஊர்ப் பயணத்துக்கு முன்பாகவே புதுப்பித்தாக வேண்டும். 2020இல் கொரோனாவால் தூதரகச் சேவைகள் முடங்கி, மே மாதம் இந்திய அரசின் வந்தே பாரத் மீட்பு விமானங்கள் புறப்பட்டபோது, கையில் செல்லுபடியான பாஸ்போர்ட் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுடைய அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் நகல் போதும், அசல் வீட்டிலேயே இருக்கும். இந்தியக் குடியுரிமையை விடாமல் வைத்திருப்பவரின் பாஸ்போர்ட்தான் அசலாகத் தபாலில் போகவேண்டும். அது இந்திய அரசின் சொத்து, அதை ரத்து செய்தாக வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் நகலையும் கணினிப் பதிவையும் வைத்துச் சரிபார்த்து, புதியது அச்சாகித் தயாரான பிறகு அசலை வரவழைக்கலாமே. பதிவுகள் முழுவதும் ஒரே அமைப்பில் இருக்கும்போது அதற்குத் தடை என்ன? வாரங்கள் சில நாட்களாகச் சுருங்கும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இது வசதிக்காரர்களின் கவலை என்று சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. அமீரகத்தில் வீட்டுவாசலுக்குத் தபால் வரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, தபால்பெட்டி எண்தான். புதுப்பிக்க நேரில் மையத்துக்குப் போகவேண்டும், அதற்கு விடுமுறை வேண்டும். சட்டம் தடுத்தும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கம்பெனியே வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே போகவில்லை. அவர்களுக்கு அது கையில் இல்லாத வாரங்கள் அல்ல, வருடங்கள். அம்மாவைப் பார்க்கக் கிளம்ப முதலாளியிடம் கெஞ்சி நிற்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் துயரத்தின் முன் என் குறை சிறியதுதான். வேண்டிய நேரத்தில் பாஸ்போர்ட் கையில் இல்லாததுதான் இரண்டுக்கும் வேர் என்பதால்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

இங்கே குடும்பங்கள் தாங்களாகவே ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டிருக்கின்றன. உறையை அனுப்புமுன் ஊருக்குப் போன் செய்து அப்பாவின் சர்க்கரை அளவையும் அம்மாவின் மூச்சிரைப்பையும் விசாரிக்கிறார்கள். ஆபரேஷன் ஏதாவது நாள் குறித்திருந்தால் அது முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். கணவன், மனைவி இருவருடைய பாஸ்போர்ட்டும் ஒரே சமயத்தில் முடிந்தாலும் சேர்த்து அனுப்புவதில்லை. ஒருவருடையது திரும்பி வந்த பிறகுதான் மற்றவருடையது போகிறது. யாருடைய பெற்றோர் அப்போதைக்குத் திடமாக இருக்கிறார்களோ அவருடையது முதலில் போகிறது.